பிழையும் திருத்தமும்

2 பிப்ரவரி 2024: வாசகர் கேள்வி

பட்டால்தான் புத்தி வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நெஞ்சில் தைத்த தவறுதான் ஆளைத் திருத்துகிறது, மறந்துபோன தவறு ஒருவரையும் திருத்தியதில்லை என்பது என் கட்சி. ஆயுள் முழுதும் மெய்ப்பு (புரூஃப்) திருத்திய நீங்கள் இதை ஒப்புக்கொள்வீர்களா?

3 பிப்ரவரி

ஒப்புக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் என் தவறு என்னைத் திருத்தியதா, பயமுறுத்தியதா என்பதை இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

1981-இல், என் பத்தொன்பதாம் வயதில், கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகைகளை அங்கே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கோப்பதில்லை. முந்தைய பத்திரிகைக்காகக் கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் கட்டிவைத்திருப்போம்; அடுத்தவர் வந்ததும் பெயர், நாள், முகூர்த்தம், மண்டபம் ஆகியவற்றை மட்டும் உருவிவிட்டுப் புதியவற்றைச் செருகுவோம். அப்படி மாற்றியபோது, முந்தைய பத்திரிகையில் மணமகனின் தந்தை பெயருக்கு முன்னால் இருந்த "காலஞ்சென்ற" என்ற சொல் எடுக்கப்படாமல் அங்கேயே நின்றுவிட்டது. புதிய மணமகனின் தந்தை உயிரோடு இருந்தார். நானூறு பத்திரிகைகள் அச்சாகி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைத்த பிறகுதான் அவர்கள் பார்த்தார்கள்.

அந்தத் தந்தையே அச்சகத்திற்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு பத்திரிகையை என் பக்கம் நீட்டி, "தப்பாக ஒன்றும் போடவில்லை, கொஞ்சம் முந்திவிட்டீர்கள், அவ்வளவுதான்" என்றார். அவர் சிரித்தார், முதலாளி சிரிக்கவில்லை. அட்டைக் காசு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அடுத்த பங்குனியில் அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

4 பிப்ரவரி

விளைவுகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த அச்சகத்தை விட்டு விலகிச் சென்னைக்கு வந்து, பாடநூல் அச்சிடும் ஓரிடத்தில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். எதையும் மூன்று முறை படிப்பேன்; மூன்றாம் முறை கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல் வரை பின்னோக்கிப் படிப்பேன். பொருள் புரியாமல் படித்தால்தான் எழுத்து கண்ணில் படும். இது நல்ல பழக்கம், இதற்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள்.

பாராட்டாத பக்கமும் உண்டு. "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டிய இடத்தில் என் பேனா எப்போதும் தயங்கும், அந்தக் கையெழுத்தை மேலாளரிடம் தள்ளிவிட நாற்பது வழிகள் கற்றுவைத்திருந்தேன். உதவியாளர்கள் திருத்திய படியை நம்பாமல் மறுபடி நானே படித்ததால், எனக்குக் கீழே ஒருவரும் வளரவில்லை. என் மகன் கல்யாணத்தில் பத்திரிகை தாமதமானது என்னால்தான். மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்துப் பல வாரம் ஆகியும் நான் ஐந்தாவது மெய்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

9 பிப்ரவரி

நெஞ்சில் தைத்தது ஏன் மறப்பதில்லை என்பதற்கு உடல் சார்ந்த ஒரு காரணம் உண்டு. கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா முதலியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறுவன் கார் மோதிக் கடும் காயமடையும் கதையைப் படங்களுடன் சிலருக்குக் காட்டினார்கள். பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு சிலருக்குப் புரோப்ரனலால் என்னும் மாத்திரையையும், சிலருக்கு மருந்தற்ற போலி மாத்திரையையும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, போலி மாத்திரை உண்டவர்களுக்கு விபத்துப் பகுதி மற்றப் பகுதிகளைவிடத் துலக்கமாக நினைவிருந்தது. புரோப்ரனலால் உண்டவர்களுக்கு அந்தக் கூடுதல் துலக்கம் இல்லை. சாதாரணப் பகுதிகளை மட்டும் மற்றவர்களைப் போலவே நினைவு வைத்திருந்தார்கள். அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதியின் வழியே, இதைப் பத்திரப்படுத்து என்று சொல்கிறது என்பது இதன் விளக்கம். அந்த மாத்திரை அந்தச் சொல்லைத் தடுத்துவிடுகிறது.

ஆகவே வாசகரின் கட்சிக்குப் பாதி வெற்றி. தைத்தது நிற்கும். ஆனால் நிற்பது உண்மைதானா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

10 பிப்ரவரி

என் மனைவி ஒற்றைத் தலைவலிக்காக இதே புரோப்ரனலாலைப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். 1988-இல் அவருடைய அண்ணன் வீட்டு விசேஷத்திற்கு நான் போகாதது உட்பட ஒன்றுமே அழியவில்லை என்பதை ஆய்வாளர்களின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

17 பிப்ரவரி

1981 என்று மேலே உறுதியாக எழுதிவிட்டேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. என் மனக்கண்ணில் நிற்கும் அந்தப் பத்திரிகையில் "னை", "லை" எல்லாம் துதிக்கை போட்ட பழைய எழுத்துகளாக இருக்கின்றன. அந்தத் துதிக்கையை நீக்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். அப்படியானால் பத்திரிகை அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும்; ஆனால் 1978-இல் நான் பள்ளியில் இருந்தேன்.

கையில் தாளே இல்லாமல் நினைவிலிருக்கும் தாளுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

25 பிப்ரவரி

அந்த அச்சகத்தில் என்னோடு வேலை செய்தவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், இப்போது தஞ்சாவூரில் மகனோடு இருக்கிறார். எழுத்துச் சந்தேகத்தைக் கேட்கத்தான் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அது உடனே தீர்ந்தது. அரசாணை வந்தால் ஈயம் தானாக மாறிவிடுமா, புது எழுத்து வாங்கக் காசு வேண்டாமா, பழைய எழுத்தைத் தேயும்வரை ஓட்டினோமே என்று சிரித்தார். ஆக, 1981 நிற்கிறது.

பிறகு, ஏன் கேட்கிறாய் என்றார். சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை.

"தம்பி, அது நான் கோத்த கார்டுடா. நீ அன்னிக்கு வேலைக்கே வரல."

26 பிப்ரவரி

இரவு தூக்கமில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகளாகச் சுமந்த மூட்டை உன்னுடையதன்று என்று ஒருவர் சொன்னால் இறக்கிவைக்கும் சுகம் வர வேண்டும் அல்லவா? எனக்கு வந்தது கோபம். என் பொருளை யாரோ எடுத்துக்கொண்டுபோனதுபோல இருந்தது.

3 மார்ச்

அண்ணனிடம் மறுபடி பேசினேன். அவருடைய கணக்குப்படி பத்திரிகையை மாற்றிக் கோத்தவர் அவர். மெய்ப்பில் கோட்டை விட்டவர் அவர். சம்பளம் பிடிக்கப்பட்டதும் அவருக்கே. அந்தத் தந்தை அச்சகத்திற்கு வந்தது உண்மை, ஆனால் அவர் தண்ணீர் குடித்துவிட்டு, வேறு அடித்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். "கொஞ்சம் முந்திவிட்டீர்கள்" என்பது, பிற்காலத்தில் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது சபை சிரிக்க வேண்டும் என்பதற்காக அண்ணனே சேர்த்த வாசகமாம். என் நினைவிலேயே மிகத் துலக்கமான வரி, என் காதில் விழுந்ததாக இன்றும் ஆணையிட்டுச் சொல்லக்கூடிய வரி, அவர் கட்டிய சிரிப்பு.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும், இந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று 106 மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முதலில் எழுதியதோடு ஒப்பிட்டபோது, ஏழு மதிப்பெண்ணுக்குச் சராசரி மூன்றைக்கூட எட்டவில்லை. பதினொரு பேர் பூச்சியம், முழு மதிப்பெண் பெற்றவர்கள் மூன்றே பேர். ஆனால் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஐந்துக்கு நான்குக்கும் மேல் சராசரி வந்தது. அவர்களுடைய பழைய கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு ஒருவருக்கும் திரும்பவில்லை.

இன்னொன்றும் இங்கே பொருந்தும். இரட்டையர் இருவரும் ஒரே நிகழ்ச்சியைத் தனக்கு நேர்ந்ததாகவே உரிமை கொண்டாடுவதைப் பற்றி 2001-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாங்கள் இரட்டையர் இல்லை. ஆனால் ஒரே எழுத்துப் பெட்டியில் கையை விட்டு எழுத்து எடுத்தவர்கள். யோசித்துப் பார்த்தால், கல்யாணப் பத்திரிகையை நாங்கள் செய்த விதமாகவே நினைவும் இதைச் செய்திருக்கலாம்: கட்டிவைத்த பழைய எழுத்து அப்படியே இருக்க, பெயர் மட்டும் உருவப்பட்டு வேறொரு பெயர் செருகப்பட்டிருக்கிறது. யாருடைய பெயர் உருவப்பட்டது, யாருடையது செருகப்பட்டது என்பதுதான் தெரியவில்லை.

4 மார்ச்

நேற்று எழுதியதை ஒருதலைப்பட்சமாக முடித்துவிட்டேன் போலிருக்கிறது. அண்ணன் சொல்வதால் அண்ணன் சொல்வது சரி என்று ஆகாது. ஒரு கதையைப் பல பந்திகளில் சொன்னவருக்கு அந்தக் கதையில் தனக்கு ஓர் இடம் கிடைத்துவிடுவதும் இயல்பே.

நியூயார்க்கில் கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ ஆகியோர் 2000-இல் எலிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஓர் ஒலியைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று எலிக்குப் பழக்கிவிட்டு, மறுநாள் ஒலியை மட்டும் கேட்கச் செய்து, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால் அந்த அச்சம் அழிந்துவிடுகிறது. ஒலியைக் கேட்கச் செய்யாமல் மருந்தை மட்டும் செலுத்தினால் அச்சம் அப்படியே இருக்கிறது. நினைவுகூரும்போது நினைவு ஒருமுறை இளகி, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள். அச்சுத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் எழுத்துகளைச் சுற்றிப் பூட்டிய இரும்புச் சட்டத்தின் இறுக்கத்தைத் தளர்த்தத்தான் வேண்டும், தளர்த்தினால் பக்கத்து வரியும் அசையும். அண்ணன் சபை தோறும் தளர்த்தினார். நான் இரவு தோறும் தளர்த்தினேன். இருவரில் யாருடைய வரி அசையாமல் இருக்கும்?

11 மார்ச்

மறந்துபோன தவறு ஒருவரையும் திருத்தியதில்லை என்ற வாசகரின் இரண்டாம் கூற்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஜெனீவாவில் எட்வார் கிளாப்பரேட் என்ற மருத்துவர், புதிய நினைவு எதுவுமே தங்காத ஒரு பெண் நோயாளியைப் பற்றி 1911-இல் எழுதியிருக்கிறார். தினமும் பார்க்கும் மருத்துவரையே அந்த அம்மாளுக்கு அடையாளம் தெரியாது. ஒரு நாள் அவர் விரல்களுக்கிடையே ஓர் ஊசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார்; ஊசி குத்தியது. பிறகு அவர் கையை நீட்டியபோது அந்த அம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், சிலர் கையில் ஊசி வைத்திருப்பார்கள் அல்லவா என்றாராம். குத்தியவர் யார், எப்போது என்ற கதை அவரிடம் இல்லை. கை மட்டும் கற்றுக்கொண்டிருந்தது.

என் நிலை இதற்குத் தலைகீழ். என்னிடம் கதை இருக்கிறது, கை இழுக்கும் பழக்கமும் இருக்கிறது. ஊசி என்னைத்தான் குத்தியதா என்பதே கேள்வி. குத்தப்படாமலே ஒருவன் வாழ்நாள் முழுதும் கையை இழுத்துக்கொண்டிருக்க முடியும் என்றால், தவறுகள் நம்மை ஆக்குகின்றன என்று சொல்வதைவிட, நம்முடையவை என்று நாம் எடுத்துக்கொண்ட தவறுகள் ஆக்குகின்றன என்று சொல்வதே பொருத்தம். அண்ணன் சொல்வது உண்மையானால் என் மூன்று முறைப் படிப்புக்கு அடிப்படை கிடையாது. ஆனால் அந்தப் படிப்பில் சிக்கிய பிழைகள் அத்தனையும் உண்மையான பிழைகள். அவற்றை மறுபடி நூலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

24 மார்ச்

வினைத்தூய்மை அதிகாரத்தில் ஒரு குறள்:

எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல்
மற்றன்ன செய்யாமை நன்று.

மு. வரதராசனார் உரை வழியே பலருக்கும் பழகிய பொருள், பின்னால் வருந்தும்படியான செயலைச் செய்யாதே, தவறிச் செய்துவிட்டாலும் மறுபடி அத்தகையதைச் செய்யாதிருப்பது நல்லது என்பது. பரிமேலழகர் வேறு வழியில் போகிறார். மயங்கிச் செய்துவிட்டால், பின்னால் இருந்துகொண்டு அந்த இரங்கலைச் செய்யாமல் விடுவது நன்று என்கிறார். "அன்ன" என்ற சொல் செயலைச் சுட்டுகிறதா, இரக்கத்தைச் சுட்டுகிறதா என்பதே வேறுபாடு.

பல பதிப்புகளுக்கு மெய்ப்புப் பார்த்தபோதெல்லாம் பரிமேலழகர் இங்கே பொருளை வலிந்து வளைக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. அண்ணன் அந்தக் கதையைச் சிரிப்பாக்கினார், சொந்தமாக அச்சகம் வைத்தார், அதன் பிறகும் பிழைகள் விட்டார், ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேறு அடித்துத் தருகிறேன் என்றார். எதிலும் அவர் கை நின்றதில்லை. நான் மறுபடி செய்யாமையைப் பிடித்துக்கொண்டேன், அவர் இரங்காமையைப் பிடித்துக்கொண்டார். ஒரே பத்திரிகை, இரண்டு உரை. அவரைவிட நான் குறைவாகப் பிழை விட்டிருப்பேன் என்பதில் ஐயமில்லை. அவருக்குக் கீழே தொழில் கற்ற ஆறு பேர் இன்று சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள் என்பதிலும் ஐயமில்லை.

7 ஏப்ரல்

தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் காட்டிய ஒன்று: அண்மைக் காலத்தை நினைக்கும்போது மனிதர்கள் செய்ததற்காக அதிகம் வருந்துகிறார்கள், வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போதோ செய்யாமல் விட்டதற்காக. நான் விதிவிலக்கு என்று எழுத வந்தேன். எழுதும்போதே அது பொய் என்று தெரிகிறது. என்னை உறுத்துவது அந்தச் சொல் நின்றுபோனது அன்று. அந்தத் தந்தையின் தெரு பெயர் தெரியும், வீடு தெரியும், அச்சகத்திலிருந்து நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. நான் ஒருமுறையும் அங்கே போகவில்லை. இதில் அண்ணனுக்குப் பங்கில்லை, போகாமல் இருந்தது நானேதான்.

28 ஏப்ரல்

போய்வந்தேன். வீடு இருக்கிறது, திண்ணையை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். அன்றைய மணமகன் இப்போது இல்லை. மணப்பெண், எழுபதை நெருங்கும் அம்மாள், பழைய அச்சக ஆள் என்று சொன்னதும் உள்ளே அழைத்து மோர் கொடுத்தார்.

கூடத்தில் மாமனாரின் படம், குங்குமப் பொட்டோடும் சின்னச் சிவப்பு விளக்கோடும் மாட்டியிருந்தது. அடியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். மறைவு 1992. வழக்கம்போல் மூன்று முறை படித்தேன். அடுத்த பங்குனியில் இறந்தார் என்று நான் எங்கே கேள்விப்பட்டேன், யார் சொன்னார்கள், சொன்னார்களா? "காலஞ்சென்ற" என்று போட்ட பிறகு அந்த மனிதர் பதினோரு ஆண்டுகள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். நான் அவரை ஓராண்டுக்குள் இறக்கவைத்துவிட்டு அதற்காக வருந்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பத்திரிகையில் நேர்ந்த பிழையைப் பற்றி மாமனார் ஏதாவது சொல்வதுண்டா என்று கேட்டேன். பிழையா, எந்தப் பிழை என்றார் அந்த அம்மாள். அவர் காதில் அப்படி ஒன்று விழுந்ததே இல்லை. ஒரு மனிதரின் கையை நடுங்கவைத்து, இன்னொரு மனிதரைக் கதைசொல்லியாக்கிய ஒரு சொல், யாரைப் பற்றி அச்சானதோ அவருக்கு வீட்டில் சொல்லத்தக்க செய்தியாகக்கூடப் படவில்லை. நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன மன்னிப்பை மோரோடு விழுங்கிவிட்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் அவருக்கு விளங்கவைக்கவே அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

29 ஏப்ரல்

ஒன்றை நேற்று எழுதவில்லை. புறப்படும்போது அந்த அம்மாள் பீரோவிலிருந்து தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்து காட்டினார். அண்ணனோ நானோ, யாரோ ஒருவர் கோத்த தவறான பத்திரிகை அன்று. அது எப்போதோ அட்டைக்காரரிடம் போயிருக்கும். இது இரண்டாவதாக அடித்தது. "காலஞ்சென்ற" எடுக்கப்பட்டிருந்தது. துதிக்கை போட்ட "னை" இருந்தது, அந்த மட்டில் என் நினைவு சரி.

பின்னோக்கிப் படித்தேன். "சுற்றமும் நட்பும் சூழ" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சூழ்" என்று புள்ளியோடு நிற்கிறது. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. நானும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த இரண்டாம் பத்திரிகையைக் கோத்தது யார் என்று அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை.